சின்னான் கூட்டுக்கு நான் கேட்ட வெளிச்சம்

போன மாதம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரிக் கேட்டீர்கள். படம் கொண்டுவருகிறவரிடம் குறையை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வடையைத் தின்றுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அது என்னை விடவில்லை. நீங்கள் கேட்டது எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் மனம் நோவதைப் பற்றி நீங்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். இந்த வேலையில் நான் நோகடித்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் யாரும் கெட்டுப்போகவில்லை. நான் ஒருவரைக் கெடுத்தேன். அவரிடம் ஒரு கடுஞ்சொல்கூடப் பேசியதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் செய்தது ஒரே வேலை. திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் பறவை, பூச்சி, மரம், குளம் என்று படம் எடுக்கிறவர்கள் நம் அலுவலக மாடிக்கு வருவார்கள். நான் பார்ப்பேன். தேறுவதை எடுத்து, மாதக் காலண்டர் அச்சடிக்கிறவர்களுக்கு அனுப்புவேன். தேறாததைத் திருப்பிக் கொடுப்பேன். கொடுக்கும்போது ஒரு சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே நான்தான். ஒரு படத்துக்கு ஒரு குறை மட்டும். அதுவும் அவரால் சரிசெய்ய முடிகிற குறை. பத்துக் குறையை அடுக்கினால் ஆள் அடுத்த மாதம் வர மாட்டார், சரிசெய்ய முடியாததைச் சொன்னால் வந்தும் பயனில்லை. இந்த விதியில் எனக்கு அப்படி ஒரு பெருமை. வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குக்கூட இதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன்.

கடுமையாகச் சொன்னதும் உண்டு. டியூஷன் எடுக்கும் வாத்தியார் ஒருவர், சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றோரம் மீன்கொத்தி எடுத்து வந்தார். படம் முழுக்கக் கிணறு. மூலையில் நீலமாக ஏதோ ஒன்று. “இதுல பறவையக் கண்டுபிடிச்சா பரிசு உண்டா சார்?” என்று கேட்டுவிட்டேன். மனுஷருக்கு முகம் சிவந்துபோனது. “உங்களுக்குப் படம் பாக்கத் தெரியும், மனுசங்களப் பாக்கத் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டு, படிக்கட்டு அதிர இறங்கிப் போனார். மூன்றே மாதத்தில் மறுபடி வந்தார். இந்தத் தடவை பறவையின் அலகில் மீனின் செதில்கூடத் தெரிந்தது. படத்தை மேசைமேல் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். இப்போதும் பேருந்தில் பார்த்தால் சிரிப்பார். கோபம் வந்தவர் பிழைத்துக்கொள்வார்.

அடுத்தவர் எனக்குச் சொல்லும்போது நான் எப்படிக் கேட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும். ஒரு தடவை கல்குருவிப் படத்துக்குக் கீழே ஆள்காட்டி என்று பெயர் போட்டு அனுப்பிவிட்டேன். ஆடு மேய்க்கிற ஒருவர் காலண்டரில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, அச்சகத்தில் கேட்டு, நம் எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினார். “அது ஆள்காட்டி இல்லம்மா, கல்குருவி. நெதமும் பாக்கறேன்” என்றார். நான் அவரோடு பத்து நிமிடம் வாதாடினேன். அவர் சொன்னது சரி என்று முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதி ஒன்பது நிமிடம் எதற்கு வாதாடினேன்? திருத்தம் சொல்வது என் வேலை, எனக்கு ஒருவர் திருத்தம் சொல்வதாவது என்கிற திமிர். அது சின்னத் தப்பு. அடுத்த வருஷம் சரியாகிவிட்டது.

இனி தண்டபாணி.

தண்டபாணிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு மண்டியில் லாரிக்கு ஏற்றும் மூட்டைகளைக் கணக்கெழுதும் வேலை. விடியற்காலையில் கேரளாவுக்குப் போகிற லாரிகள் கிளம்பியதும் அவருக்குப் பாதி நாள் ஓய்வு. அந்தப் பாதி நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கன்னிவாடி, மலையடிவாரம், குளத்தங்கரை என்று இருசக்கர வண்டியில் சுற்றுவார். மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வந்தார். மூன்று வருஷமும் நான் திருப்பி அனுப்பினேன். அவர் படம் மோசம் இல்லை. ஏதோ ஒன்று குறையும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் வாதாடுவார்கள். லென்ஸைக் குறை சொல்வார்கள், மேகத்தைக் குறை சொல்வார்கள், கடைசியில் என் கண்ணாடியைக் குறை சொல்வார்கள். தண்டபாணி சீட்டை வாங்கி, இரண்டு தடவை படித்து, “சரிங்கக்கா” என்று சொல்லிவிட்டு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வார். அடுத்த மாதம் வரும்போது அந்தக் குறை மட்டும் இருக்காது. ‘மரக்கொம்பு பறவையின் தலையில் முளைத்தது போல் தெரிகிறது’ என்று எழுதினால், அடுத்த படத்தில் பின்னால் வெறும் வானம் இருக்கும். ‘கண் தெளிவாக இல்லை’ என்றால் கண் மின்னும். இப்படி ஒருவர் அமைந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது. நான் நல்லபடியாகக் குறை சொல்கிறேன் என்பதற்கு அவர்தான் அத்தாட்சி என்று நினைத்தேன். நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்கிற ஒருவரிடம் நான் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசியிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆடிப்பெருக்குக்கு அச்சகத்தின் மாதிரிக் காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும் என்றால் சித்திரை வெயில் முடிவதற்குள் பன்னிரண்டு மாதப் படமும் முடிவாகிவிட வேண்டும், உங்களுக்கே தெரியும். அந்த வருஷம் பதினொன்று முடிந்துவிட்டது. மே மாதத்துக்கு வைத்திருந்த படத்தை எடுத்தவர் வேறு இடத்துக்கும் அதே படத்தைக் கொடுத்திருந்தது தெரிந்து, கடைசி நேரத்தில் அதைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. அச்சகத்திலிருந்து காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன். நம் முதலாளி என் மேசைக்கு வந்து நின்று, “என்ன மேடம், ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குத்தான் தண்டபாணி ஒரு படம் கொண்டுவந்தார். கன்னிவாடிப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டம். செடியின் நடுவே சின்னான் குருவியின் கூடு. இறகுகூடச் சரியாக முளைக்காத மூன்று குஞ்சுகள், தாய் வந்து ஊட்டுகிறது. அவர் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். கூடு இலைக்குள் இருந்ததால் குஞ்சுகளின் முகம் இருட்டு. முன்னால் ஒரு கொத்து இலை குறுக்கே வேறு.

நான் சீட்டில்கூட எழுதவில்லை, வாயாலேயே சொன்னேன். “குஞ்சு முகத்துல வெளிச்சம் இல்ல தண்டபாணி. எல மறைக்குது. இது ரெண்டும் இல்லாம நாளைக்கு மூணு மணிக்குள்ள ஒண்ணு கொண்டாங்க, மே மாசம் உங்களுக்குத்தான்.”

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் “சரிங்கக்கா” என்று சொல்லவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூடு நல்லா மறவா இருக்குதுங்கக்கா. எலயில்லாம எப்படிங்க எடுக்கறது?”

“அது உங்க வேல. எப்படின்னு நான் கேக்கறதில்ல” என்றேன்.

இந்தப் பதிலை நன்றாகப் பார்த்துவையுங்கள். இதில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை. சரிசெய்யக்கூடிய ஒரு குறையைத்தான் சொன்னேன், என் விதிப்படி. சரிசெய்ய ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது என்ன வழி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நான் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டு மணிக்கு வந்துவிட்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மெமரி கார்டை வாங்கிப் பெரிய திரையில் போட்டேன். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். பளிச்சென்று கூடு. மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்திருந்தன. வாயின் உள்சிவப்பு தொண்டை வரைக்கும் தெரிந்தது. கூட்டின் ஒவ்வொரு நாரும் தெரிந்தது.

இப்போது நான் பார்த்ததை எல்லாம் சொல்கிறேன். நிழல் நேர் கீழே விழுந்திருந்தது, அதாவது உச்சி வெயில். உச்சி வெயில் படம் என்றாலே யோசிக்காமல் திருப்பி அனுப்புகிறவள் நான். தாய்ப் பறவை இல்லை. குஞ்சுகளின் கழுத்து மேலே நீண்டிருக்கவில்லை, கூட்டின் விளிம்பில் கிடந்தது. வலது மூலையில் ஒரு கிளையின் வெட்டுவாய் வெள்ளையாகத் தெரிந்தது, அப்போதுதான் வெட்டியது. அந்த வெள்ளை கண்ணை உறுத்துகிறது என்று அந்த மூலையை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். ஆபரேட்டர் எடுத்துவிட்டாள். படம் சுத்தமாகிவிட்டது.

“அருமையா வந்திருக்கு தண்டபாணி. பசியில வாயத் தெறக்கற அழகே அழகு” என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா. தாய்க்குருவி கிட்டவே வரலீங்க. மரத்துலயே உக்காந்து கத்திட்டு இருந்துச்சுங்க. குஞ்சுக இருக்கறது சரியாத்தான் இருக்குதுங்களா?”

“குஞ்சு போதும். தாய் இருந்தா இன்னும் கூட்டமாயிரும்” என்றேன்.

முதல் படம் தேர்வாகிற பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், படத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும், அச்சகத்திலிருந்து சரி என்று பதில் வர வேண்டும். “செத்த நேரம் இருங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்” என்று உட்கார வைத்தேன். அவர் உட்காருவதும் சன்னல் பக்கம் போய் நிற்பதுமாக இருந்தார். பதில் வரும்போது நாலரை. கிளம்பும்போது படிக்கட்டில் வேகமாக இறங்கும் சத்தம் கேட்டது. வீட்டில் சொல்ல ஓடுகிறார் என்று ஆபரேட்டரிடம் சொல்லிச் சிரித்தேன்.

காலண்டர் வந்தது. தை பிறந்து வீடுகளிலும் கடைகளிலும் மாட்டினார்கள். மே மாதத் தாள் மேலே வந்தபோது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த மாதம் முதல் வாரமே அச்சகத்துக்கு ஒருவர் எழுதியிருந்தார். பறவைகளைப் பல காலமாகக் கவனித்து வருகிறவர். நீளமான கடிதம் இல்லை. பசித்த குஞ்சு கழுத்தை மேலே நீட்டி வாய் திறக்கும். இந்தக் குஞ்சுகள் வெயில் தாங்காமல் மூச்சுக்கு வாய் திறந்திருக்கின்றன. யாரோ மறைப்பை வெட்டியிருக்கிறார்கள், இது அவை சாகிற நேரத்தில் எடுத்த படம். இவ்வளவுதான் அதன் சாரம். அவர் அதையே தெரிந்தவர்களுக்கும் அனுப்ப, இரண்டு நாளில் அது எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. படத்துக்குக் கீழே தண்டபாணியின் பெயர் இருந்தது. தேர்வு செய்தவர் பெயரைக் காலண்டரில் போடும் வழக்கம் நம்மிடம் இல்லை. கொலைகாரன் என்று எழுதினார்கள். அவர் வேலை பார்க்கும் மண்டிக்கே போன் போட்டுத் திட்டினார்கள்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். தண்டபாணி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன், இவ்வளவு தூரத்தில், கை நீட்டினால் தொடலாம்.

“கிளைய வெட்டுனீங்களா?”

“வெட்டுனனுங்க.”

“யாரு சொல்லி வெட்டுனீங்க?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு, “நானாத்தான் வெட்டுனனுங்க” என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

எனக்கு ஓய்வு பெற நாலு வருஷம் இருந்தது. இந்த ஊரில் என் கண்ணுக்கு ஒரு மரியாதை இருந்தது. “எடுத்தவங்க சொன்னாத்தான சார் நமக்குத் தெரியும்” என்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இனி இவரிடம் படம் வாங்குவதில்லை என்று அச்சகத்துக்கு எழுத்தில் தர வேண்டும், அவருக்கும் ஒரு நகல் தர வேண்டும் என்றார் முதலாளி. வழக்கம் போல் நான்தான் எழுதினேன். என் கையெழுத்தில் அந்த வரியை அவர் வாங்கினார். வழக்கம் போலவே இரண்டு தடவை படித்தார். “சரிங்கக்கா” என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், உண்மையிலேயே கோபம். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஏன் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை என்று. ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, சாப்பாட்டில் உப்பு இல்லை, வெஞ்சனம் சரியில்லை என்று வீட்டில் எரிந்து விழுந்தேன். அப்புறம் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கன்னிவாடிக்குப் பஸ் ஏறினேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், அவர் சொல்லாமல் விட்ட ஏதாவது தப்பு அவர் பக்கம் இருக்காதா என்று தேடித்தான் போனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தோட்டத்தைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. படத்தால் அந்தத் தோட்டமும் பேர் வாங்கியிருந்தது. தோட்டத்துக்காரப் பெண்ணுக்கு என் வயதில் பத்துக் குறைவு இருக்கும், பெயர் சின்னத்தாய். வரப்பில் உட்கார்ந்து செடிக்கு அடியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். காலண்டர் ஆபீஸ் என்றதும் கை நின்றது.

“இன்னும் என்னக்கா வேணும் ஒங்களுக்கு?” என்றார்.

ஒன்றும் வேண்டாம், அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். அவர் சொன்னார்.

“அன்னைக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் பூ போடத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போயிட்டு, அப்படியே ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிட்டோம். பொழுது சாயத்தான் வாரோம். இந்த மனுசன் செடிக்குள்ள முட்டி போட்டுக்கிட்டு, வெட்டுன கெளையெல்லாம் பொறுக்கி, வாழ நாருல கட்டிக்கிட்டு இருக்காரு. எங்கள ஏறெடுத்தும் பாக்கல. கூட்டுக்குள்ள ரெண்டு செத்துக் கெடந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் வகுறு ஏறி எறங்குச்சு. துணிய நனைச்சு மேல புடிச்சாரு. அம்புட்டு வெயிலு குடிச்ச உசுரு, எங்கிட்டுப் பொழைக்கும்? மறுநா காலைல பூப் பறிக்கையில பாத்தேன், அதுவும் போயிருச்சு. தாய்க்குருவி மூணு நாளு வாயில பூச்சிய வச்சுக்கிட்டே சுத்துச்சு.”

“அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாரு. தப்புப் பண்ணிட்டேம்மான்னாரு. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு, தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டேன், நல்லாருக்குன்னுட்டாங்கன்னாரு.” சின்னத்தாய் என் முகத்தைப் பார்த்தார். “யாரு அந்தத் தெரிஞ்சவங்க?”

நான்தான் என்று சொன்னேன். என் தப்பை நான் முதல் முதலில் ஒப்புக்கொண்டது முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம். அவர் ஒன்றும் திட்டவில்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். ஒரு தம்ளர் தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்கவில்லை. அதுதான் சரி.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுவாய் தெரிந்த மூலையை எடுக்கச் சொன்னது வரைக்கும். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “மேடம், ஒருத்தரு பேரு போயிருச்சு. இப்ப ஒங்க பேரும் போனா ஆபீஸ் பேரும் போகும். முடிஞ்சதக் கிளறாதீங்க. இத நீங்க சொல்லல, நான் கேக்கல” என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம், வேலையை விட்டிருக்கலாம், அச்சகத்துக்கு நானே எழுதியிருக்கலாம். நாலு வருஷமும் வேலை பார்த்தேன், மாலை போட்டு அனுப்பினார்கள், உங்களில் யாராவது அந்தப் போட்டோவைக்கூடச் சுவரில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.

இது நடந்தபின் நம் அலுவலகத்தில் கூட்டுப் படம் வாங்குவதை நிறுத்தினேன். அதற்குக் காரணம் கேட்டவர்களுக்கு ஏதேதோ சொன்னேன். எந்தப் படத்துக்கும் கருத்துச் சொல்லும் முன்னால் இதை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். பதில் பிடிக்கவில்லை என்றால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்கவில்லை. நீங்களும் கேளுங்கள். எப்படி என்று கேட்காமல் ஒன்றைக் கேட்டு வாங்காதீர்கள். ஒருவர் தன் படத்தைக் காட்டி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க என்றால், அது பணிவு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. அதை உங்கள் வாயால் கேட்க வந்திருக்கிறார். அந்த நேரத்தில் நல்லாருக்கு என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

முதலாளியிடம் பேசிய அந்த வாரமே ஒட்டன்சத்திரம் போனேன். சந்தையில் காலைக் கூட்டம் குறைந்திருந்தது. மண்டி வாசலில் முருங்கைக்காய்க் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்டபாணி கையில் அட்டையோடு நின்று எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“ஏனுங்கக்கா, இம்புட்டுத் தூரம்? சொல்லியிருந்தா நானே வந்திருப்பனே.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சுமை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு முதலாளி கேட்டபோது ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கிளைய வெட்டுன கத்தரி என்ர கையிலதானுங்க இருந்துச்சு” என்றார்.

கேமரா என்ன ஆயிற்று என்று கேட்டேன். சொந்தத்தில் ஒரு பையன் கல்யாணப் படம் எடுக்கக் கேட்டான், கொடுத்துவிட்டேன் என்றார். அப்புறம் செத்த நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒன்று கேட்கட்டுமா என்றார்.

“அன்னைக்கு நான் உங்ககிட்ட நல்லாப் பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டனுங்களே. உங்களுக்கு நெசமாவே தெரியலீங்களா?”

நான் அதற்கு முன்னால் இரண்டு பேரிடம் உண்மை சொல்லியிருந்தேன். இவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. “தெரிஞ்சுது தண்டபாணி. வெயிலும் தெரிஞ்சுது, வெட்டுனதும் தெரிஞ்சுது. அந்த வாயி பசி வாயி இல்லைன்னு ஒரு நிமிஷம் பட்டுச்சு. படம் வேணும்னு ஒதுக்கிட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாரியில் கயிறு இழுத்துக் கட்டும் வரைக்கும் அட்டையில் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அப்ப ரெண்டு மணிதானுங்கக்கா. மூணும் உசுரோடதான் இருந்துச்சு. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வண்டியில அரை மணி நேரந்தானுங்க, ஓடிப்போயி நெழல் கட்டியிருப்பேன். நீங்க டீ குடிச்சிட்டுப் போகச் சொன்னீங்க.”